கல்முனைக்கும் ஜித்தாவுக்கும் இடையில்

கட்டுநாயக்கவிலிருந்து ஜித்தாவுக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 4,650 கிலோமீற்றர். இடையில் எங்கும் இறங்காத விமானத்துக்கு ஐந்தரை, கூடினால் ஆறு மணித்தியாலம். கல்முனையிலிருந்து கட்டுநாயக்க, நேர்கோடு போட்டுப் பார்த்தால், 215 கிலோமீற்றர் அளவில்தான் வரும். ஆனால் நேர்கோட்டில் போவதற்கு நமக்குத் தெரு இல்லை. அம்பாறை, மகியங்கனை, கண்டி என்று மலையேறி இறங்கினாலும் சரி, சியம்பலாண்டுவ, மொனறாகலை, இரத்தினபுரி என்று சுற்றிக்கொண்டு போனாலும் சரி, 300 கிலோமீற்றரைத் தாண்டிவிடும். இராப் பயணமாக எட்டு, ஒன்பது மணித்தியாலம் பிடிக்கும். ஜித்தா வரையிலான நேர்கோட்டுத் தூரத்தில் இந்தத் துண்டு இருபதில் ஒரு பங்குகூட இல்லை. பயண நேரத்திலோ பாதிக்கு மேல் இதற்கே போய்விடுகிறது.

நம்மவர்களின் ஹஜ் பயணத்தைப் பற்றிப் பேசும்போது பாய்க்கப்பலையும் நீராவிக் கப்பலையும் விமானத்தையும் விரிவாகப் பேசுகிறோம். ஊர் வாசலிலிருந்து துறைமுகம் வரைக்குமான வழியை ஒரு வார்த்தையில் கடந்துவிடுகிறோம். மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரைக்குமான இந்தக் கரையாருக்கு அந்தச் சிறு துண்டுதான் பயணத்தின் பெரும்பகுதியாக இருந்து வந்திருக்கிறது என்பது என் எண்ணம். அதைச் சொல்வதற்கு முதலில் தூரம் என்பதை நம் முன்னோர் எப்படி அளந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

விமானிகள் இரண்டு ஊர்களுக்கிடையில் பூமிப் பந்தின் மேல் போடும் மிகக் குறுகிய கோடும், தொழுகிறவன் கஅபாவை நோக்கி மனதில் போடும் கோடும் ஒன்றுதான். கல்முனையிலிருந்து கிப்லா நேர் மேற்கல்ல. மேற்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. அந்தக் கோட்டில் மக்கா 4,750 கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஆகாயத்தில் பறக்கும் யோசனையே இல்லாத காலத்தில் பள்ளிவாசல் கட்டியவர்கள், மேற்குக்கும் வடமேற்குக்கும் இடையில் எங்கோ அந்தத் திசை இருப்பதை அறிந்து மிஹ்ராபை வைத்தார்கள். திசை தெரிந்த அந்தத் தூரத்தை எத்தனை நாளில் கடப்பது என்பதை மட்டும் எவராலும் சொல்ல முடியவில்லை.

அரபிகள் தூரத்தை நேரத்தால் அளந்தவர்கள். பாரம் சுமந்த ஒட்டகம் ஒரு பகலில் நடக்கும் தூரம் ஒரு மர்ஹலா. ஷாபிஈ மத்ஹபில் தொழுகையைச் சுருக்கி கஸ்ராகத் தொழுவதற்கு இரண்டு மர்ஹலா தூரப் பயணம் வேண்டும். அது 16 பர்ஸக், 48 மைல் என்று கணக்கு. இன்றைய அளவில் அது எத்தனை கிலோமீற்றர் என்பதில் ஆலிம்களிடையே 80 இற்குச் சற்று மேலிருந்து 130 வரை அபிப்பிராயங்கள் உண்டு. இந்த அளவுக்கு அடிப்படையாகக் காட்டப்படும் செய்திகளில் ஒன்று இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களுடையது. மக்காவிலிருந்து அறபாவுக்குப் போனால் சுருக்கலாமா என்று கேட்கப்பட்டபோது, அதற்கு இல்லை, ஆனால் உஸ்பானுக்கோ ஜித்தாவுக்கோ தாயிபுக்கோ போனால் சுருக்கலாம் என்று அவர் சொன்னதாக வருகிறது. அதாவது கல்முனையான் கண்டிக்குப் போய் ளுஹரை இரண்டு ரக்அத்தாகத் தொழும்போது அவன் கையிலுள்ள அளவுகோல் ஜித்தாவுக்கும் மக்காவுக்கும் இடையிலான தூரம்.

ஹிஜ்ரி 676 இல் (கி.பி. 1277) மௌத்தான இமாம் நவவி, நமது அறபு மத்ரஸாக்களில் இன்றும் ஓதப்படும் 'மின்ஹாஜ்' நூலில் ஒரு நுட்பமான விடயத்தைச் சொல்லி வைத்திருக்கிறார். கடலுக்கும் தரையின் சட்டமே. காற்று வாய்த்து அந்த மைல்களை ஒரு மணி நேரத்தில் கடந்துவிட்டாலும் அவனுக்குப் பயணியின் சலுகை உண்டு என்பது அதன் கருத்து. எழுநூறு வருடங்களுக்குப் பிறகு விமானத்தில் கஸ்ரு உண்டா என்று கேட்டவர்களுக்குப் பதில் அங்கேயே இருந்தது. நேரத்திலிருந்து பிறந்த அளவு நேரத்தை விட்டுவிட்டுத் தூரமாக நின்றுகொண்டது.

இதன் மறுபக்கத்தையும் யோசித்துப் பார்க்கலாம். கல்முனையிலிருந்து மட்டக்களப்பு 40 கிலோமீற்றர். யுத்த காலத்தில் சோதனைச்சாவடிக்குச் சோதனைச்சாவடி இறங்கி, வரிசையில் நின்று, அடையாள அட்டையை நீட்டி, பொதிகளை அவிழ்த்துக் கட்டிப் பாதிப் பகலை அந்தத் தெருவில் கழித்தவன் பிக்ஹின் கணக்கில் பயணி அல்ல. அவன் நான்கு ரக்அத்தையும் முழுமையாகத் தொழவேண்டியவன். சட்டத்தில் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நமது தெருக்களின் கதை எந்த அளவுகோலுக்கும் அடங்காமல் போய்விட்டது.

* * *

பாய்க்கப்பல் காலத்தில் பயண நேரம் என்று ஒன்று இருக்கவில்லை, பருவம் என்று ஒன்று இருந்தது. வாடைக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் இங்கிருந்து ஏடன் பக்கம் போகலாம். தென்மேற்குக் காற்று வந்த பிறகு அங்கிருந்து இங்கே வரலாம். இரண்டையும் மாற்ற முடியாது. செங்கடலுக்குள் நுழைந்த பிறகும் சிக்கல் தீராது. அதன் வட பாதியில் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் வடக்கிலிருந்தே காற்று வருவதால் ஜித்தாவுக்கு ஏறிப்போகும் கப்பல் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. காற்று சூரிய மாதத்தில் வருகிறது, ஹஜ் சந்திர மாதத்தில் வருகிறது. துல்ஹஜ் ஒவ்வொரு வருடமும் பதினொரு நாள் முன்னே நகர்ந்து, 33 வருடத்தில் பருவங்கள் அத்தனையையும் சுற்றி வந்துவிடும். மாசி, பங்குனியில் ஹஜ் வந்த தலைமுறைக்கு வாடையில் புறப்பட்டால் நேரே போய் இறங்கலாம். ஐப்பசியில் ஹஜ் வந்த தலைமுறைக்கு முந்திய வாடையிலேயே புறப்பட்டு, அரபுக் கரையில் ஏழெட்டு மாதம் காத்துக் கிடக்க வேண்டும். தூரம் ஒன்றுதான். வாப்பா போய்வந்த காலமும் மகன் போய்வந்த காலமும் ஒன்றல்ல. ஹஜ்ஜுக்குப் போனவர் அங்கேயே தங்கி ஓதினார், தொழில் பார்த்தார், சிலர் கலியாணமும் முடித்தார் என்று பழைய கதைகளில் வருவதற்கு ஆசை மட்டும் காரணமாக இருந்திருக்காது.

நீராவி வந்து காற்றின் கையைக் கட்டிப்போட்டது. கொழும்பிலிருந்து ஏடன் ஏறத்தாழ 2,100 கடல் மைல், அங்கிருந்து ஜித்தா இன்னும் 700. மணிக்குப் பத்துப் பதினொரு கடல் மைல் ஓடும் பழைய கப்பலுக்கு அது பத்துப் பதினொரு நாள் ஓட்டம். இந்த நாட்களோடு கமரான் தீவின் நாட்களையும் கூட்ட வேண்டும். செங்கடலின் தென்வாயிலுக்கு உள்ளே யமன் கரையோரமாக இருக்கும் அந்தத் தீவில் 1882 இல் உதுமானிய அரசு தொற்றுத்தடை நிலையத்தைத் திறந்தது. கிழக்கிலிருந்து வரும் ஹாஜிமார் அங்கே இறக்கப்பட்டு, உடுப்புகள் அவிக்கப்பட்டு, கொலரா இல்லை என்று உறுதியான பிறகே மேலே போக விடப்பட்டார்கள். பம்பாய் போய்க் கப்பலேற விரும்பியவர்களுக்கு 1914 இலிருந்து தலைமன்னாரில் தோணித்துறை ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, றெயிலில் போகும் வழியும் இருந்தது. அங்கே மொகல் லைன் கொம்பனியின் கப்பல்கள் ஹாஜிமாருக்கென்றே ஓடின. அந்தக் கொம்பனி ஓடவிட்ட 'அக்பர்' போன்ற கப்பல்களின் பெயரை மக்கத்துக் கப்பல் என்ற பொதுப்பெயர் விழுங்கிவிட்டது. பம்பாயிலிருந்து கடல்வழி ஹஜ் 1995 வரைக்கும் நடந்தது என்பதை இன்றைய இளையவர்கள் நம்பமாட்டார்கள்.

இதெல்லாம் கொழும்பிலிருந்து அப்பால். கல்முனையிலிருந்து கொழும்புக்கு எப்படிப் போனார்கள்? மட்டக்களப்புக்கு றெயில் வந்தது 1928 இல். பதுளைக்கு வந்தது 1924 இல். அதற்கு முன் தவள மாடுகளும் கரத்தைகளும் போன பதுளை வழி இருந்தது, அல்லது தீவைச் சுற்றிவந்த கரையோரக் கப்பல் இருந்தது. காட்டுவழியில் யானைக்கும் கரடிக்கும் காய்ச்சலுக்கும் பயந்து கூட்டமாகப் போக வேண்டும். கரையோரக் கப்பலுக்கு மாரி காலத்தில் இந்தக் கரையில் ஒதுங்க இடமில்லை. வாடை வீசும்போதுதான் அரபுக் கடல் இலகுவாகிறது என்றேன். அதே வாடைதான் கிழக்குக் கரையின் கடலைக் கொந்தளிக்க வைக்கிறது, ஆறுகளைப் பெருக்குகிறது, தரவைகளை நீரில் மூழ்கடிக்கிறது. ஆக, ஏடனுக்கு வாய்ப்பான காலம் கல்முனையானுக்கு வீட்டை விட்டு வெளியேறவே வாய்ப்பற்ற காலம். மேற்குக் கரையில் பேருவளையாருக்கோ கொழும்பாருக்கோ இந்தச் சிக்கல் இருக்கவில்லை.

றெயில் வந்த பிறகும் அது மட்டக்களப்போடு நின்றுகொண்டது. கல்லடியில் வாவியைக் கடக்க 1924 இல் மன்னிங் சீமாட்டியின் பெயரால் இரும்புப் பாலம் வரும்வரை தோணிதான் துணை. பாலம் வந்து, றெயில் வந்து, பிறகு பஸ்ஸும் வந்து இந்தக் கரையிலிருந்து கொழும்பு ஒரு நாள் தூரமாகச் சுருங்கியது. 1958 இல் மட்டக்களப்பில் விமான நிலையமும் திறந்தார்கள். அது நம் சாதாரண சனங்களுக்குப் பயணவழியாக ஆகவில்லை.

அந்தக் காலத்து வழியனுப்புதலை இன்றைக்கு யோசித்துப் பார்த்தால் மௌத்துக்கு ஆயத்தமாவது போல இருக்கும். கடனெல்லாம் தீர்க்க வேண்டும். வயலுக்கும் வளவுக்கும் வஸிய்யத்து எழுத வேண்டும். பேசாமல் இருந்த குடும்பத்தாரின் வாசலுக்குப் போய் மாப்புக் கேட்க வேண்டும். ஊர் முழுக்கப் பயணம் சொல்ல வேண்டும். கபன் சீலையை மூட்டைக்குள் வைத்துக் கட்ட வேண்டும், வழியில் தேவைப்பட்டாலும் பட்டதென்று. திரும்பி வந்தவர் வாழ்நாளெல்லாம் ஹாஜியார். அந்தப் பட்டம் அரபாவில் நின்றதற்கு மட்டும் கிடைத்ததாக நான் நினைக்கவில்லை. அத்தனை வழியையும் தாண்டி உயிரோடு வந்ததற்கும் சேர்த்தே ஊர் அதைக் கொடுத்தது.

* * *

விமானம் வந்ததும் இத்தீவின் இருப்பிடமே வேறொரு அர்த்தம் பெற்றது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தாவுக்குப் பூமிப் பந்தின் மேல் மிகக் குறுகிய கோடு போட்டால் அது 8,650 கிலோமீற்றர் அளவில் வரும். அந்தக் கோடு கட்டுநாயக்கவுக்கு மேலாகவே போகிறது. சுரபாயாவிலிருந்து கட்டுநாயக்க 4,000 கிலோமீற்றர், கட்டுநாயக்கவிலிருந்து ஜித்தா 4,650. இரண்டையும் கூட்டினால் நேர்வழியை விட அதிகமாக ஒன்றும் வராது. எரிபொருளுக்காக எங்காவது இறங்கியே ஆகவேண்டிய எழுபதுகளின் ஹஜ் விமானங்களுக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. சீனத்துக்கும் அரபு நாட்டுக்கும் இடையில் கப்பலோடியவர்கள் ஸரந்தீபில் ஒதுங்கியதற்கும் இதுவே காரணமாக இருந்தது.

1974 டிசம்பர் 4 ஆம் திகதி இரவு, சுரபாயாவிலிருந்து 182 ஹஜ் பயணிகளையும் 9 பணியாளர்களையும் ஏற்றிவந்த மார்ட்டின் எயார் நிறுவனத்தின் டிசி-8 விமானம், மஸ்கெலியாவுக்கு அண்மையில் சப்த கன்னியர் மலையில் மோதியது. ஒருவரும் தப்பவில்லை. விமான நிலையம் நெருங்கிவிட்டது என்று எண்ணிக் கீழிறங்கத் தொடங்கியிருந்தார்கள். உண்மையில் இன்னும் 70 கிலோமீற்றர் அளவில் இருந்தது. விமானம் கோட்டை விட்டு விலகவில்லை. அது போகவேண்டிய கோட்டில்தான் இருந்தது. எவ்வளவு தூரம் மீதியிருக்கிறது என்பதில்தான் பிழை நேர்ந்தது. அதே மலைத்தொகுதியில்தான் நம்மவர் பாவா ஆதம் மலை என்று அழைக்கும் மலையும் நிற்கிறது. 1344 இல் இப்னு பதூதா ஏறிப் பார்த்த மலை.

நான்கு வருடம் கழித்து 1978 நவம்பர் 15 இரவு, ஹஜ்ஜை முடித்துக்கொண்டு ஜித்தாவிலிருந்து சுரபாயாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்களின் விமானம், எரிபொருள் நிரப்புவதற்காகக் கட்டுநாயக்கவில் இறங்கும்போது ஓடுபாதைக்குச் சற்று முன்னால் விழுந்தது. 262 பேரில் 180 இற்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். நமது ஹாஜிமார் ஏறி இறங்கும் அதே நிலையத்தின் வாசலில் நடந்தது இது. நம் இலக்கியத்தில் இந்த இரண்டு விபத்துகளுக்கும் இன்னும் அதிகமான இடம் இருந்திருக்க வேண்டும். போகிறவழியில் நம் மண்ணில் மௌத்தான விருந்தினர்கள் அவர்கள்.

வேகம் மார்க்க விடயங்களிலும் கேள்விகளைக் கிளப்பியது. கப்பலில் போனவர் யலம்லம் மலைக்கு நேரே வரும்போது இஹ்ராம் கட்டினார். கப்பல் மெல்லப் போகும். குளித்து, உடுத்து, இரண்டு ரக்அத் தொழுது, ஆறுதலாக நிய்யத் வைக்க நேரமிருந்தது. விமானம் மீக்காத்தின் எல்லையை நிமிடங்களில் கடந்துவிடுகிறது. அதனால் கட்டுநாயக்கவிலேயே, சிலர் ஊரிலிருந்தே, இஹ்ராம் துணியை உடுத்திக்கொண்டு போய், விமானத்தில் அறிவிப்பு வந்ததும் நிய்யத் வைத்துத் தல்பியா சொல்கிறார்கள். ஜித்தாவையே மீக்காத்தாகக் கொள்ளலாமா என்ற வாதமும் நடந்தது. கடிகாரமும் குழப்புகிறது. சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். காலை பத்து மணிக்குப் புறப்பட்டவர் ஐந்தரை மணித்தியாலம் பறந்து ஜித்தாவில் இறங்கும்போது அங்கே ஒரு மணிதான் ஆகியிருக்கும். ளுஹருக்கு நேரம் மீதியிருக்கும். திரும்பி வரும்போது அந்த இரண்டரை மணித்தியாலத்தைச் சூரியன் திருப்பி எடுத்துக்கொள்ளும்.

1981 இல் திறக்கப்பட்ட ஜித்தாவின் புதிய விமான நிலையத்தில் ஹாஜிமாருக்கென்று தனிமுனையம் அமைத்தார்கள். மினாவின் கூடாரங்களை நினைவூட்டும் 210 கூரைகள். அந்தக் கட்டமைப்பின் பின்னால் இருந்த பொறியியலாளர்களில் ஒருவர் வங்காளத்தில் பிறந்த பஸ்லுர் ரஹ்மான் கான். அங்கிருந்து மக்காவுக்கு, முன்னர் ஒட்டகத்தில் இரண்டு மர்ஹலாவாக இருந்த தூரம், இன்று ஒரு மணித்தியாலம் சொச்சம்.

அதே விமானத்தில் இன்னொரு கூட்டமும் போகத் தொடங்கியது. 1977 இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பிறகு நமது ஊர்களிலிருந்து ஆண்களும், பின்னர் அதிகமாகப் பெண்களும், வளைகுடாவுக்கு உழைக்கப் போனார்கள். ஹாஜிக்கும் பணிப்பெண்ணுக்கும் ஒரே 4,650 கிலோமீற்றர்தான். ஹாஜிக்குத் திரும்பி வருவதற்குத் திகதி உண்டு. அவளுக்கு ஒப்பந்தம் இரண்டு வருடம், கடவுச்சீட்டு வீட்டுக்காரரின் பெட்டிக்குள். 2004 டிசம்பர் 26 காலையில் சுமாத்திராக் கரையில் எழுந்த அலை 1,600 கிலோமீற்றரை இரண்டு மணித்தியாலத்துக்குள் கடந்து மருதமுனையையும் சாய்ந்தமருதையும் கல்முனைக்குடியையும் அடித்துக்கொண்டு போனது. அது கிட்டத்தட்ட ஜெட் விமானத்தின் வேகம். ஆறு மணித்தியாலத் தூரத்தில் இருந்த தாய்மாருக்குப் பிள்ளைகளின் ஜனாஸாவுக்கு வந்துசேர வழி இருக்கவில்லை. அது ஹிஜ்ரி 1425, துல்கஃதா மாதம். ஹஜ்ஜுக்கு ஆயத்தமாகி இருந்தவர்கள் அந்தக் கரையிலும் இருந்தார்கள்.

2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாவினால் சவூதியில் இருந்தவர்களைத் தவிர வேறெவரும் ஹஜ் செய்யவில்லை. 2022 இல் நாட்டில் டொலர் இல்லை. அந்த வருடம் ஹஜ்ஜே வேண்டாம் என்று முகவர்கள் முதலில் முடிவெடுத்தார்கள். விமானம் பறக்கும் நேரம் அப்போதும் ஆறு மணித்தியாலமாகத்தான் இருந்தது.

* * *

இனி அந்தச் சிறு துண்டுக்குத் திரும்பலாம்.

நமது கரையின் தெருவில் வடக்கே போகிறவன் கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை, களுவாஞ்சிக்குடி, குருக்கள்மடம், ஆரையம்பதி, காத்தான்குடி என்று தமிழ் ஊரையும் முஸ்லிம் ஊரையும் மாறி மாறிக் கடக்க வேண்டும். தெற்கே போகிறவனுக்கும் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் என்று அப்படித்தான். எவருடைய ஊருக்கும் மற்றவருடைய ஊரைக் கடக்காமல் போக முடியாது. பல தலைமுறைகளாக இது ஒரு விசயமாகவே இருக்கவில்லை. வெள்ளாமைக்கும் வியாபாரத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனவர்கள் எல்லை கடப்பதாக எண்ணியதில்லை.

1990 ஜூன் 11 இல் புலிகளுக்கும் அரசாங்கத்துக்கும் இடையில் யுத்தம் மீண்டும் தொடங்கியபோது ஹஜ்ஜுக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த ஹஜ்ஜில், ஜூலை 2 ஆம் திகதி, மினாவில் சுரங்கப்பாதை ஒன்றினுள் ஏற்பட்ட நெரிசலில் 1,426 பேர் மௌத்தானார்கள். அந்தச் செய்தி வந்தபோது ஹஜ்ஜுக்கு ஆள் அனுப்பிய எந்த வீட்டிலும் நிம்மதி இருந்திருக்காது. பிறகு ஹாஜிமார் திரும்பத் தொடங்கினார்கள். ஜித்தாவிலிருந்து கட்டுநாயக்கவுக்கு 4,650 கிலோமீற்றர். கட்டுநாயக்கவிலிருந்து மலைநாட்டைக் கடந்து கிழக்கே. கல்முனை வந்தாயிற்று. காத்தான்குடியாருக்கு இன்னும் முப்பது கிலோமீற்றர் சொச்சம்.

ஜூலை 12 ஆம் திகதி குருக்கள்மடத்தில் அவர்கள் வந்த வாகனங்களை விடுதலைப் புலிகள் மறித்தார்கள். ஹஜ்ஜிலிருந்து வந்தவர்களும், கொழும்பில் கொள்வனவு செய்துகொண்டு வந்த வியாபாரிகளும், வேறு அலுவலாகப் போய் வந்தவர்களும், பெண்களும் சிறுவர்களும் அவற்றில் இருந்தார்கள். இறக்கிக் கொண்டுபோனார்கள், கொன்றார்கள். அறுபதுக்கு மேற்பட்டவர்கள் என்று பதிவுகள் சொல்கின்றன. வீடு இருபது கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில் இருந்தது. ஹஜ்ஜிலிருந்து வருகிறவர்கள் ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த கபன் சீலையைக் கொண்டுவருவது நம் வழக்கம். குருக்கள்மடத்தில் குழிக்குள் போடப்பட்டவர்களுக்குக் குளிப்பாட்டலும் இல்லை, கபனும் இல்லை, ஜனாஸாத் தொழுகையும் இல்லை.

மூன்று வாரம் கழித்து, ஓகஸ்ட் 3 ஆம் திகதி, காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அது உலகம் அறிந்தது, வருடந்தோறும் நினைவுகூரப்படுவது. குருக்கள்மடம் அதன் நிழலுக்குள் போய்விட்டது. பள்ளிவாசலின் சுவரில் சன்னம் பட்ட அடையாளம் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். தெருவில் நடந்ததற்குத் தெருவில் ஓர் அடையாளமும் மிஞ்சுவதில்லை.

அந்த ஆடி, ஆவணி மாதங்களில் தமிழர்களுக்கும் தெரு மூடித்தான் கிடந்தது என்பதை நாம் எழுதாமல் விட்டால் நம் கணக்கும் பிழையாகிவிடும். ஓகஸ்ட் 12 ஆம் திகதி வீரமுனைக் கோவிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் ஊர்காவல் படையினரால் கொல்லப்பட்டார்கள். காரைதீவாருக்கு அம்பாறை போகும் தெரு சம்மாந்துறை வழியாகத்தான் போகிறது. அந்தத் தெருவில் போக அவர்கள் பயந்தார்கள். காத்தான்குடியார் கல்முனைக்கு வரப் பயந்தார்கள். ஒவ்வோர் ஊரும் ஒரு தீவாகியது. காட்டுவழியில் யானைக்குப் பயந்து கூட்டமாகப் போன பாட்டன்மாரைப் போல, வாகனத் தொடரணி வரும்வரை காத்திருந்து போனார்கள் பேரப்பிள்ளைகள். அந்த வருடங்களில் ஹஜ்ஜுக்குப் போகிறவரை வழியனுப்பும் துஆவில் விமானத்தைப் பற்றிய பயத்தைவிட அம்பாறை தாண்டும் வரைக்குமான பயமே பெரிதாக இருந்தது. சில வீடுகளில் வாசலில் நின்று அழும் வழக்கம் மறுபடி வந்தது, மக்கத்துக் கப்பலின் காலத்தில் போல.

2002 இல் யுத்தநிறுத்தம் வந்தபோது தெரு திறந்தது. 2007 இல் கிழக்கில் யுத்தம் ஓய்ந்தது. தெருவைப் புதுப்பித்தார்கள், 2013 இல் கல்லடிக்குப் புதிய பாலமும் வந்தது. கல்முனையிலிருந்து காத்தான்குடிக்கு இப்போது முக்கால் மணித்தியாலம் போதும். ஹாஜிமாரை ஏற்றிவரும் வேன்கள் குருக்கள்மடத்தைக் கடந்துதான் இன்றும் காத்தான்குடிக்குப் போகின்றன. பெரும்பாலும் விடியற்காலையில், உள்ளே எல்லோரும் தூக்கத்தில்.

2014 இல், அங்கே புதைக்கப்பட்டவர்களைத் தோண்டியெடுத்து மார்க்க முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்ற உறவினர்களின் கோரிக்கை களுவாஞ்சிக்குடி நீதிமன்றத்துக்குப் போனது. நாள் குறிக்கப்பட்டது, பிறகு தள்ளிப்போனது. அந்த வருடம் தோண்டப்படவில்லை. நீதிமன்றத்திலிருந்து குருக்கள்மடத்துக்கு அதே தெருவில் சில கட்டைத் தூரம்தான்.